கூடம் கோணல்

அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தலைவர் கண்ணை மூடிக்கொள்வார். கேட்பவர்களும் மூடிக்கொள்வார்கள். பேச்சு அவ்வளவு நீளம்.

தலைவர் என்றால் கட்சித் தலைவர் அல்ல. கல்லூரி நாட்களில் நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்திய ராக் இசைக்குழுவின் தலைவர். கீபோர்டு வாசித்தார். இப்போது குளியலறை டைல்ஸும் பீங்கான் சாமான்களும் விற்கும் பெரிய ஷோரூம் வைத்திருக்கிறார். குழு கலைந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தலைமைப் பதவியை மட்டும் அவர் இன்னும் ராஜினாமா செய்யவில்லை.

ஆல்பம் எங்களுடையது அல்ல, ஒரு வெளிநாட்டுக் குழுவுடையது. பெயர் 'பனிக்குள் ஒரு கடிகாரம்'. தமிழில் சொன்னால் குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் போல ஆகிவிடுகிறது, என்ன செய்ய. ப்ரோக்ரெசிவ் ராக் என்கிற வகை. மூன்று நிமிஷத்தில் பாடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டிய விஷயத்தை, ஐந்து தாடிக்காரர்கள் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இழுப்பார்கள். நடுவில் ஒரு புல்லாங்குழல், ஒரு இடி, மறுபடி புல்லாங்குழல். கதை என்னவென்றால், உலகத்தின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற ஒருவன் பனிமலைக்குள் மாட்டிக்கொள்கிறான். கடைசியில் மேலே பார்த்து ஒரு குரல் கொடுக்கிறான். சொல் எதுவும் கிடையாது. வெறும் 'ஆ'. பல் மருத்துவரிடம் காட்டுகிற அதே ஆ. ஆனால் உச்சியில் போய் நின்று, மூச்சு முட்ட முட்ட நீளுகிற ஆ.

கிண்டல் செய்கிறேனே தவிர, அந்த இடம் வந்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். ரசிகனாக இல்லாதவனுக்கு இவ்வளவு கிண்டல் வராது.

அந்த 'ஆ'வைப் பாடவேண்டியவராக இருந்தவர் என் அத்தான்.

அப்போது அவர் அத்தான் இல்லை, 'சங்கு'. மாடிப்படி ஏறும்போது தொண்டையைக் கனைத்தாலே மூன்று வகுப்புகள் திரும்பிப் பார்க்கும். என்னை வாடா போடா என்பார், நானும் திருப்பிச் சொல்வேன். என் அக்காவை அவர் கட்டிக்கொண்ட மறுநாளே என் பக்கத்து 'வாடா' மட்டும் 'வாங்க' ஆகிவிட்டது. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார். ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கிற அந்த மெல்லிய குரலைக் கேட்டால், ஒரு காலத்தில் சங்கு என்று பேர் வைத்தார்கள் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். பாடுவதே இல்லை. பாத்ரூமில்கூட இல்லை. மகளைத் தூங்கவைக்கும்போதுகூட முதுகில் தட்டுவாரே தவிர வாயைத் திறந்ததில்லை.

"பாட்டுக்காரன்னு நெனச்சுத்தான்டா கட்டிக்கிட்டேன். வந்து பாத்தா பேச்சுக்கே ரேஷன் போடற ஆளு" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கடைசி வார்த்தை வரும்போது மட்டும் சிரிப்பு முடிந்திருக்கும்.

அவர் பாட்டை விட்ட கதையைச் சொல்லவேண்டுமானால் ஒரு கேசட்டிலிருந்து தொடங்கவேண்டும்.

தலைவருடைய பெரியப்பா மகன் எவனோ ஒரு நண்பன் வீட்டில் அந்த இசைத்தட்டைப் பார்த்து, தன்னிடமிருந்த டேப் ரெக்கார்டரில் பதிவுசெய்து கொடுத்தான். நாங்கள் இசைத்தட்டையும் பார்த்ததில்லை, அட்டையையும் பார்த்ததில்லை. எங்களுக்கு வேதம் அந்தக் கேசட்தான். வேதத்தில் பிழை இருக்காது அல்லவா?

அதை வைத்துத்தான் ஒரு வருஷம் பயிற்சி. தலைவர் வீட்டு மாடியறையில், ஜன்னல்களுக்கு மெத்தையைச் சாத்திவைத்து வாசிப்போம். பாட்டு முழுக்கக் கீபோர்டின் கருப்புக் கட்டைகளாக வந்து விழுந்தது. விரல்கள் பின்னிக்கொள்ளும். "சாதாரண ஆளுங்க வெள்ளைக் கட்டையில வாசிப்பாங்க. இவங்க வேணும்னே கஷ்டமான கட்டையில எழுதியிருக்காங்க. அதான்டா மேதைமை" என்பார் தலைவர். கிட்டார்க்காரன் கேசட்டுக்கு ஏற்றபடி கம்பிகளை முறுக்கி ஏற்றுவான். வாரம் தவறாமல் ஒரு கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும். அவனுக்குக் 'கம்பி' என்றே பேர் வந்துவிட்டது. அதற்கும் தலைவரிடம் விளக்கம் இருந்தது: "இந்த இசையோட உக்கிரத்தை உலோகம் தாங்கலடா." நான் டிரம்ஸ். கை வலிக்கும். டிரம்ஸ்காரன் அபிப்பிராயத்தை எந்த ஊரிலும் யாரும் கேட்பதில்லை.

சங்குவுக்கு மட்டும் அந்த 'ஆ' எட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கீழே வரைக்கும் கல்லில் பதித்த மாதிரி நிற்பார். கடைசி அரைக் கட்டை உயரத்தில் குரல் உடைந்துவிடும். வெந்நீர் குடித்தார், மிளகு மென்றார், ஐஸை விட்டார், காலையில் குளத்தங்கரைக்குப் போய்க் கத்தினார்.

ஒரு நாள் பயிற்சி நடுவில் சொன்னார்: "டேய், இந்தக் கேசட்டே வேகமா ஓடுதுன்னு தோணுது. பதிவு பண்ணின மெஷின்ல பெல்ட் தளர்ந்திருந்தா அது மெதுவா சுத்தியிருக்கும். இப்ப நல்ல மெஷின்ல போட்டா பாட்டு ஓடத்தானே செய்யும்? கம்பி அறுந்துக்கிட்டே இருக்குது பாரு."

தலைவர் வாசிப்பதை நிறுத்தினார். இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு, வகுப்பெடுக்கிற தோரணையில் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

அறையே சிரித்தது. கம்பி தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பழமொழிக்கு அந்தச் சக்தி உண்டு. யார் வாயில் முதலில் வருகிறதோ அவர் பக்கம் நியாயம் போய்விடும்.

சங்கு விடவில்லை. "சரி, கூடம் நேரா இருக்குன்னே வெச்சுக்குவோம். நாம அரைக் கட்டை இறக்கி வாசிக்கலாமே?"

"மலையேற முடியலன்னா மலைய வெட்டச் சொல்லுவியா?"

அதற்கும் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் கேசட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

கல்லூரி ஆண்டு விழாவில் வாசித்தோம். அரங்கம் நிறைய ஆட்கள். எங்களுக்கு அடுத்து வரவிருந்த நாடகத்துக்காக வந்த கூட்டம் என்றாலும் கூட்டம் கூட்டம்தானே. புல்லாங்குழல் பகுதியைத் தலைவர் கீபோர்டில் ஒப்பேற்றினார். இடியை நான் கொடுத்தேன். கடைசியில் அந்த இடம் வந்தது. சங்கு கண்ணை இறுக்கிக்கொண்டு தலையை மேலே தூக்கினார். வந்த சத்தம், பெஞ்சைத் தரையில் இழுத்தால் வருமே, அது. இரண்டாவது முறை முயன்றார். பெஞ்சு திரும்பவும் நகர்ந்தது. பின்வரிசையில் யாரோ அதே மாதிரி கத்திக்காட்ட, அரங்கம் முழுக்கப் பெஞ்சு இழுத்தது. தலைவர் மைக்கைப் பிடித்து, "மலை கொஞ்சம் உயரம். நம்ம ஆளுக்கு மூச்சு பத்தல" என்றார். நல்ல கைத்தட்டல் கிடைத்தது. அன்றைக்கு எங்கள் குழுவுக்குக் கிடைத்த ஒரே கைத்தட்டல்.

சங்கு மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனார். பிறகு அவர் பாடி யாரும் கேட்டதில்லை. தனக்குக் குரல் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். வந்த முடிவைக் கண்ணாடிச் சட்டம் போல மூக்கில் மாட்டிக்கொண்டு, அதன் வழியாகவே எல்லாவற்றையும் பார்த்தார்.

சென்ற மாதம் அந்த ஆல்பத்தைப் புது இசைத்தட்டாக மறுபதிப்பு செய்திருக்கிறார்கள். தலைவர் வரவழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷோரூமில் 'மீள்கேட்பு விழா' என்று வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு வந்தது. 'பனிக்கடிகாரமும் நாகரிகத்தின் ஓலமும்' என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரையும் வாசிக்கப்படும் என்று கீழே ஒரு மிரட்டல்.

நாற்காலி போட உதவலாம் என்று முந்தின நாள் போனேன். தலைவர் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் கற்பனை செய்த அட்டை! பனிமலை இருக்கும், அண்டவெளி இருக்கும் என்று நினைத்தோம். ஐந்து தாடிக்காரர்கள் பஞ்சரான வேன் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குத்தான் பிரிக்கணும். ஆனா சும்மா ஒரு நிமிஷம் கேட்டுப் பாப்போம்" என்றார்.

ஊசி இறங்கியது. பாட்டு தூங்கி எழுந்தவன் மாதிரி வந்தது. எல்லாம் ஒரு இழை தாழ்ந்து, ஒரு இழை நிதானமாக. தலைவர் இசைத்தட்டுக் கருவியைத் தட்டினார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். வேகத்தைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு அலுவலக மூலையில் தூசி படிந்திருந்த கீபோர்டைத் திறந்து, பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார்.

எல்லாம் வெள்ளைக் கட்டை. ஒரு கருப்பு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கலாம்.

"தலைவரே, கேசட்தான் வேகமா ஓடியிருக்கு."

"உளறாதடா. கம்பெனிக்காரன் சுருதிய இறக்கிட்டான். கிழவனுங்களுக்குக் கேக்க வசதியா இருக்கணும்ல, அதுக்கு."

"அன்னிக்கே சங்கு சொன்னாரே. பெல்ட் தளர்ந்திருக்கும்னு."

"சங்குவா?" தலைவர் உண்மையாகவே யோசித்தார். "அப்படி ஏதாவது சொன்னானா? எனக்கு ஞாபகம் இல்லியே."

பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு ஆளை ஊமையாக்கிய பழமொழி, சொன்னவருக்கு நினைவில்லை.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கடையில் இருந்தார். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்ப இவரால முடிஞ்சிருக்கும்?"

"அசலைப் பாடறவரு நிக்கிற இடம் இவரு தினமும் நின்ன இடம்க்கா. அதுக்கு மேலதான் உடையும்."

சட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "சொல்லாதடா" என்றாள்.

"ஏன்? சந்தோஷப்படுவாரே."

"தோத்துட்டோம்னு நெனச்சு இத்தனை வருஷம் ஓட்டிட்டாரு. ஜெயிச்சிருப்போம்னு தெரிஞ்சா மிச்சத்த எப்படிடா ஓட்டுவாரு?"

எப்படியும் அத்தான் அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருகிறவர் இல்லை என்று இருவரும் தேற்றிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அக்கா, "தலைவலின்னு சொன்னீங்களே?" என்றாள்.

"அது நேத்து."

"அந்த ஆளு கட்டுரை வேற படிப்பாராம்."

"படிச்சுட்டுப் போறான். கேக்கத்தானே கூப்பிடறான், பாடவா கூப்பிடறான்?" என்று செருப்பை மாட்டினார். எத்தனை வருஷம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்கத் துணிந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. அவரை நான்தான் காரில் அழைத்துப்போனேன்.

ஷோரூமில் வாஷ்பேசின் வரிசைக்கும் குளியல்தொட்டிகளுக்கும் நடுவே கூட்டம். நாற்காலி போதவில்லை. வழுக்கை விழுந்த கம்பி, காட்சிக்கு வைத்திருந்த கமோடின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டு, "ப்ரோக்ரெசிவ் ராக் கேக்க இதவிடப் பொருத்தமான ஆசனம் உண்டாடா? ரெண்டுக்கும் பொறுமை வேணும்" என்றான். தலைவர் கட்டுரையை வாசித்தார். 'மனித எல்லையை மீறிய உயரம்' என்று நான்கு இடத்தில் வந்தது. ஒரு பெரியவர் குறட்டை விட்டார். அதையும் இசை அனுபவம் என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஊசி இறங்கியது.

நான் பாட்டைக் கேட்கவில்லை. அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரி முடிவதற்குள் அவர் தலை நிமிர்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். மறுபடி கழற்றினார். கம்பி என் காதில், "என்னடா, தூக்கத்துல பாடறானா?" என்றான். புல்லாங்குழல் போயிற்று, இடி போயிற்று. கடைசி இடம் நெருங்க நெருங்க அத்தானுடைய விரல்கள் முழங்காலைப் பிடித்தன.

'ஆ' வந்தது. தினமும் நிற்காமல் போன பஸ், கடைசியில் ஒரு நாள் நிறுத்தத்தில் நின்று கதவைத் திறந்த மாதிரி, அவர் எப்போதும் நின்ற அதே இடத்தில் வந்து நின்றது. நிதானமாக, நீளமாக. அத்தான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பாட்டு முடியும்வரை வாய் திறந்தே இருந்தது.

கைத்தட்டலுக்குப் பிறகு தலைவர் எழுந்தார். "நண்பர்களே, இது கலப்படம். கம்பெனிக்காரன் உயரத்தக் குறைச்சுட்டான். நம்ம கேசட்தான் அசல். வேணும்னா நம்ம பாடகரையே கேளுங்க. டேய் சங்கு, நீயே சொல்லு. நம்ம கேசட் எப்படி இருந்துச்சு?"

எல்லோரும் திரும்பினார்கள். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உயரமா இருந்துச்சு" என்றார்.

"பாத்தீங்களா!" என்றார் தலைவர். அன்றைக்கும் கைத்தட்டல் அவருக்கே.

திரும்பும் வழியில் மூன்றாவது சிக்னலில் கார் நின்றது. அத்தான் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கம்பிக்கு வாராவாரம் கம்பி அறுந்துச்சுல்ல?"

"ஆமா அத்தான்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"இல்ல, சொன்னேன்தானே? பின்னால நானா கற்பனை பண்ணிக்கிட்டது இல்லியே?"

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"இல்ல அத்தான். பெல்ட் தளர்ந்திருக்கும்னு சொன்னீங்க. அரைக் கட்டை இறக்கலாம்னும் சொன்னீங்க. நான் அங்கதான் இருந்தேன்."

"ம்" என்றார். அப்புறம், "வண்டிய எடுடா, திட்டறான் பாரு."

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று தலையசைத்தேன். அவள் சமையலறை மேடையில் காய் நறுக்க ஆரம்பித்தாள்.

முதலில் குழாய்ச் சத்தம் என்றுதான் நினைத்தோம். அப்புறம் அது குரல் என்று தெரிந்தது. முனகல் மாதிரி, தூசி தட்டுகிற மாதிரி. பாத்ரூம் சுவரெல்லாம் தலைவர் கடை டைல்ஸ். சின்னக் குரலையும் பெரிதாக்கிக் கொடுத்தது. பாட்டின் கடைசிப் பகுதி. அக்காவின் கத்தி பாதிக் கேரட்டில் நின்றுவிட்டது. குரல் ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது. கரகரப்பு இருந்தது, ஆனால் அடியில் அந்தப் பழைய கல் இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

'ஆ' வரவேண்டிய இடத்துக்கு முன்னால் குழாய் முழு வேகத்தில் திறந்துகொண்டது. வாளியில் தண்ணீர் விழுகிற இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. குழாய் மூடியது.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். கேட்டுவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

"இப்ப அசலும் எட்டல" என்றார், கடையில் வருகிறவரிடம் பார்வை குறைந்திருப்பதைச் சொல்கிற அதே குரலில். "இன்னும் அரைக் கட்டை இறக்கினா எட்டும்."

"இறக்கிக்கலாம் அத்தான்" என்றேன்.

அந்த மாடியறையில் அன்றைக்கே எங்களில் யாராவது ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் போதும். சின்ன வாக்கியம்தான்.

அவர் துண்டைக் கொடியில் உதறிப் போட்டார். மூலைகளைச் சமமாக இழுத்துவிட்டார். பிறகு ஹாலில் போய் உட்கார்ந்தார். டிவி போடவில்லை.

அக்கா ஹால் பக்கம் காதை வைத்துக்கொண்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். கத்தி பலகையில் படாமல், சத்தமே வராமல், மெதுவாக.